கொழும்பில அம்மா அப்பாவுக்கு முதியோர் ஹோம் தேடுறவைக்கு: முதல்ல எந்தளவு பராமரிப்பு வேணும் எண்டு பாருங்கோ

வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் என்னட்டக் கேக்கிற முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான், "கொழும்பில நல்ல ஹோம் எது அக்கா?" எண்டு. நான் திருப்பிக் கேக்கிறது வேற. அம்மாவால தனியக் குளிக்க ஏலுமா, ராவில எத்தினை தரம் எழும்புறா, குளிசையை ஆர் எடுத்துக் குடுக்கினம்? இதுக்கு மறுமொழி தெரியாம எந்த இடத்தையும் நல்லது கூடாது எண்டு சொல்ல ஏலாது, ஏனெண்டா வோக்கிங் போய், பேப்பர் வாசிச்சு, நாலு பேரோட கதைச்சுக்கொண்டு இருக்கிற அப்பாவுக்கு அருமையான இடம், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்த அம்மாவுக்கு ஆபத்தான இடமா இருக்கலாம்.

அதால கட்டடம் பாக்கப் போக முதல் ஆளைப் பாருங்கோ. போன்ல கேட்டு இதைக் கண்டுபிடிக்க ஏலாது, "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை, நான் நல்லா இருக்கிறன்" எண்டுதான் சொல்லுவினம். கொழும்பில இருக்கிற சொந்தக்காரர் ஆராவது ஒரு காலமை போய் அடுத்த நாள் காலமை வரைக்கும் கூட இருந்து எழுதட்டும். என்னத்தை எழுதிறது எண்டா, 1963ல சிட்னி கட்ஸ் எண்ட அமெரிக்க டொக்டரும் அவரோட சேந்தவையும் ஒரு அளவுகோல் குடுத்தினம், இண்டைக்கும் கன இடங்களில அதைப் பாவிக்கினம். ஆறே ஆறு விசயம்: குளிக்கிறது, உடுப்பு மாத்துறது, கக்கூசுக்குப் போறது, கட்டில்ல இருந்து கதிரைக்கு மாறுறது, ஒண்டுக்கு ரெண்டுக்கு அடக்கிறது, தானே சாப்பிடுறது. ஒவ்வொண்டுக்கும் தானே செய்யிறாவா, ஆராவது பக்கத்தில நிண்டாப் போதுமா, இல்லாட்டி முழுக்க ஆள் வேணுமா எண்டு எழுதுங்கோ. அதோட சேத்து போன் எடுக்கிறது, கடைக்குப் போறது, சமைக்கிறது, மருந்து பிழையாம எடுக்கிறது, காசுக் கணக்குப் பாக்கிறது, இதுகளையும் எழுதுங்கோ. ஆக்கள் பொதுவா தளரத் தொடங்கிறது இந்த ரெண்டாவது பட்டியல்லதான், ஆறு விசயம் பிறகுதான் ஒண்டொண்டாப் போகும். கரண்ட் பில் கட்டாமக் கிடக்கு, பெப்ரவரி மாசக் குளிசை அப்பிடியே பைக்குள்ள இருக்கு, இதெல்லாம் முதல் அடையாளம்.

இப்ப பராமரிப்புப் படிகள். ரெண்டாவது பட்டியல்ல மட்டும்தான் பிரச்சினை எண்டா தனி ரூம் இல்லாட்டிச் சின்ன பிளற், சாப்பாடு வரும், கூட்டித் துடைக்க ஆள் வரும், அவசரத்துக்கு பெல் இருக்கும், அந்த மாதிரி இடம் காணும். ஆறில ஒண்டு ரெண்டுக்கு ஆள் வேணும், முக்கியமா குளிக்கவும் மருந்துக்கும் எண்டா அது உதவியோட வாழுற படி, அங்க அற்றெண்டன் (கூட நிண்டு பாக்கிற ஆள்) இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கவேணும். கட்டில்ல இருந்து தூக்கவேணும், கதீற்றர் (சலம் போற குழாய்) இருக்கு, மூக்கால ரியூப் போட்டிருக்கு, புண்ணுக்கு மருந்து கட்டவேணும் எண்டா அது நேர்சிங் படி, அங்க படிச்ச நேர்ஸ் இல்லாம அற்றெண்டன்மாரை மட்டும் வச்சுக்கொண்டு சமாளிக்க ஏலாது. மறதி வருத்தம் (டிமென்சியா) வேற ஒரு பாதை, அதுக்குப் பிறகு வாறன். இது தவிர பகல்ல மட்டும் விட்டிட்டு பின்னேரம் கூட்டிக்கொண்டு வாற இடம், மகள் கனடாவுக்குப் போய்வாற ஒரு மாசத்துக்கு மட்டும் வச்சிருக்கிற இடம், கடைசிக் காலத்தில நோவில்லாம வச்சிருக்கிற பராமரிப்பு, இதுகளும் இருக்கு.

அமெரிக்காவில இந்தப் படி எல்லாத்தையும் ஒரே வளவுக்குள்ள வச்சு, நல்ல சுகமா இருக்கேக்கயே சேந்து பெரிய தொகை ஒண்டு கட்டி, பிறகு மாசாமாசம் கட்டி, வருத்தம் கூடக் கூட அதே வளவுக்குள்ளேயே அடுத்த கட்டடத்துக்கு மாறுற முறை கனகாலமா இருக்கு. கொழும்பிலயும் சுத்துவட்டாரத்திலயும் அப்பிடி எல்லாப் படியும் ஒழுங்கா இருக்கிற இடம் தேடித்தான் கண்டுபிடிக்கவேணும். இஞ்ச பெயர்ப் பலகையை நம்பாதேங்கோ. நேர்சிங் ஹோம் எண்டு போட்டிருக்கும், உள்ள ஒரு நேர்ஸும் இருக்காது. சாதாரண எல்டர்ஸ் ஹோம் எண்டு போட்டிருக்கும், ஆனா அங்க இருக்கிற மேற்றன் (பொறுப்பான தலைமை நேர்ஸ்) பெரியாஸ்பத்திரியில முப்பது வருசம் வேலை செஞ்சிட்டு வந்தவவா இருப்பா, பலகையில அதொண்டும் எழுதியிருக்காது.

அதால எந்த இடத்துக்குப் போனாலும் முக்கியமாக் கேக்கவேண்டிய கேள்வி இதுதான். "அம்மா இப்ப நடக்கிறா. நாளைக்கு விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு படுக்கையில வந்தா அவவை வச்சிருப்பீங்களோ? அதே ரூமிலயோ? ஆர் தூக்கிறது? மாசக் காசு எவ்வளவு கூடும்?" இதை வாயால சொன்னாக் காணாது, எழுத்தில கேளுங்கோ. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு நடந்தது: அப்பாவை நல்ல வடிவான இடமொண்டில விட்டிருந்தவை, அவர் விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க ஹோமில இருந்து போன் வருது, "இனி எங்களால பாக்க ஏலாது, சாமானை எடுத்துக்கொண்டு போங்கோ" எண்டு. மகன் லண்டன்ல, மகள் மெல்பேர்ன்ல, இஞ்ச இருந்தது எழுபது வயசு சித்தி மட்டும். அந்த மனுசி ஆஸ்பத்திரிக்கும் ஓடி, புது இடமும் தேடி, பட்ட பாட்டை நான் கண்ணால பாத்தன். சேக்கிற அண்டைக்கே கேட்டிருந்தா இந்த நிலை வந்திருக்காது, கேக்கவேணும் எண்டு அவைக்கு ஆரும் சொல்லேல்லை. அடுத்த படியை முதல் நாளே கேளுங்கோ, நான் எல்லாருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதைத்தான்.

பாக்கப் போறதெண்டா ரெண்டு தரம் போங்கோ. முதல் தரம் சொல்லிப்போட்டு, ரெண்டாம் தரம் சொல்லாம, மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாத்து. விறாந்தையில பூச்சாடி இருக்கோ, ரைல்ஸ் மினுங்குதோ எண்டு பாக்கிறதில பிரயோசனம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில, தானே சாப்பிட ஏலாத ஒரு ஆளை ஆர் எப்பிடித் தீத்தினம் எண்டு பாருங்கோ. கதிரையில நிமித்தி இருத்தி, ஒரு வாய் குடுத்து, விழுங்கிற வரைக்கும் பொறுத்து, பிறகு அடுத்த வாய் குடுத்தா நல்லம். கட்டில்ல சரிச்சு வச்சுக்கொண்டு கரண்டியால அடுக்கடுக்காத் திணிச்சா அங்க விடாதேங்கோ, ஏனெண்டா புரையேறி நெஞ்சுக்குள்ள போய் நியூமோனியா வாறது இப்பிடித்தான். ஆளைத் தூக்கி மாத்தேக்கயும் பாருங்கோ, வீல்செயாருக்கு முதல்ல பிறேக் போடினமோ, கைக்குக் கீழால பிழையா இழுத்துத் தூக்கினமோ, இல்லாட்டி இடுப்பைப் பிடிச்சு "ஒண்டு ரெண்டு மூண்டு" எண்டு சொல்லி அவவையும் சேத்து எழுப்பினமோ எண்டு. இதை ஒருக்காப் பாத்தாலே அங்க ட்ரெயினிங் குடுக்கினமோ இல்லையோ எண்டு விளங்கீடும்.

படுக்கையில இருக்கிற ஆக்களின்ர ரூமுக்குள்ளயும் போகக் கேளுங்கோ. மணம் ஒண்டு இருக்கும், பம்பர்ஸ் மாத்துற நேரம் எண்டா அது சாதாரணம், எந்நேரமும் சுவரோட ஒட்டின மாதிரி மணம் இருந்தா அது சாதாரணமில்லை. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வைக்கினமோ, அதை எழுதி வைக்கினமோ, காத்து மெத்தை இருக்கோ எண்டு கேளுங்கோ. படுக்கைப் புண் வாறது பிட்டத்துக்கு மேல, இடுப்புப் பக்கத்தில, குதிக்காலில. வந்தாப் பிறகு மாத்துறது பெரும்பாடு, வராமப் பாக்கிறதுதான் வேலை.

ராவைப் பற்றிக் கனபேர் கேக்கிறேல்லை. பகல்ல நிறைய ஆக்கள் நிப்பினம், ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தினை பேர் முழிச்சிருக்கினம், அவை எத்தினை பேரைப் பாக்கினம்? கட்டிலுக்குப் பக்கத்தில பெல் இருக்கோ எண்டு பாத்து, அதை நீங்களே ஒருக்கா அமத்துங்கோ, ஆள் வர எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு மணிக்கூட்டைப் பாருங்கோ.

இனி எங்கட ஆக்களுக்கு முக்கியமான விசயம், பாசை. வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ தமிழ்ச் சனத்துக்குள்ளேயே இருந்து பழகின அம்மாவை மாலபேக்கோ பிலியந்தலைக்கோ கொண்டுபோய் விட்டா, அங்க அற்றெண்டன் பிள்ளையள் பெரும்பாலும் சிங்களம் மட்டும்தான் கதைப்பினம். அவை நல்ல பிள்ளையளா இருப்பினம், அதில ஒரு குறையுமில்லை, ஆனா அம்மா "நெஞ்சுக்குள்ள எரியுது" எண்டு சொன்னா அது ஆருக்கு விளங்கும்? மறதி வருத்தம் வந்தா, வளந்த பிறகு படிச்ச பாசைகள் முதல்ல கழண்டு போய், சின்னனில கதைச்ச பாசை மிஞ்சிறது கனபேருக்கு நடக்கும். பாங்கில இங்கிலிசும் சிங்களமும் வெளுத்து வாங்கின அப்பாவே கடைசியில தமிழ் மட்டும் கதைக்கிற நிலை வரலாம். அதால ஒவ்வொரு ஷிப்டிலயும் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் எண்டாலும் இருக்கோ எண்டு கேளுங்கோ, மலையகத்துப் பிள்ளையள் வேலை செய்யிற இடங்கள் இருக்கு. அப்பிடி இல்லையெண்டா ஒரு மட்டையில "எங்க நோகுது, தண்ணி வேணுமா, ஒண்டுக்கு வருதா, குளிருதா, மூச்சு எடுக்க ஏலாம இருக்கா" எண்ட தமிழ்க் கேள்விகளை சிங்கள எழுத்தில எழுதி, பக்கத்தில அர்த்தத்தையும் சிங்களத்தில போட்டுக் கட்டிலுக்கு மேல ஒட்டுங்கோ. அம்மா வழமையாச் சொல்லுற மறுமொழியையும் அதே மாதிரி எழுதுங்கோ. சின்ன வேலைதான், ஆனா எனக்குத் தெரிய இதால நல்ல வித்தியாசம் வந்திருக்கு.

சாப்பாடும் அப்பிடித்தான். சைவம் எண்டு சொல்லிச் சேத்தாலும், சம்பலுக்குள்ளயும் பருப்புக்குள்ளயும் மாசிக் கருவாடு போடுறது சிங்களச் சமையல்ல வழமை, அவை அதை மச்சமாவே எண்ணுறதில்லை. குசினியில நிண்டு சமைக்கிற ஆளிட்ட நேர கேளுங்கோ, ஒஃபிசில கேட்டா "ஓம் ஓம் வெஜிடேரியன் இருக்கு" எண்டுதான் சொல்லுவினம். சீனி வருத்தக்காரருக்கு வேற சாப்பாடோ, விழுங்கக் கஷ்டப்படுற ஆளுக்குக் கஞ்சியைத் தடிப்பாக் குடுக்கினமோ எண்டதையும் சேத்துக் கேளுங்கோ. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாட்டிலும் வெள்ளிக்கிழமையில ரூமுக்குள்ள விளக்கேத்த விடுவினமோ, தீப்பெட்டிக்குப் பயந்து வேண்டாம் எண்டா பற்றறி விளக்குக்கு எண்டாலும் இடம் குடுப்பினமோ, இதையும் கேளுங்கோ, அம்மாவுக்கு இது சின்ன விசயமில்லை.

மறதி வருத்தம் இருந்தா, கதவைப் பூட்டி வச்சிருக்கிறதை மட்டும் விசேச பராமரிப்பு எண்டு சொல்லுற இடங்களை விடுங்கோ. அம்மா வெளிய போகாமப் பாக்கிறதும் வேணும்தான், ஆனா நடந்து திரிய ஒரு வளவு, பகல்ல செய்ய ஏதாவது, பின்னேரம் ஆகேக்க வாற பதட்டத்தை அதட்டாமக் கையாளுற ஆக்கள், இதுகளும் சேந்துதான் பராமரிப்பு. எல்லாரும் மத்தியானத்தில டிவிக்கு முன்னால தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நித்திரையா இருந்தா என்ன மருந்து குடுக்கினம் எண்டு கேளுங்கோ. மனநோய்க்குக் குடுக்கிற சில மருந்துகள் மறதி வருத்தம் உள்ள வயசான ஆக்களில இறப்பைக் கூட்டுது எண்டு அமெரிக்காவில மருந்துகளை ஒழுங்குபடுத்துற எஃப்டிஏ 2005லயே எச்சரிச்சது. டொக்டர் பாத்துத் தேவைக்குக் குடுக்கலாம், அமைதியா இருத்திறதுக்காக ஹோமே கூட்டிக் குடுக்கிறதை நீங்கள் ஒத்துக்கொள்ளவே கூடாது. சேக்கிறதுக்கு முதல் மருதானையில இருக்கிற லங்கா அல்சைமர்ஸ் ஃபவுண்டேசனோட கதையுங்கோ, எந்தளவு மறதி எண்டு பரிசோதிக்கிறதுக்கும், வீட்டில வச்சுப் பாக்கிற ஆக்களுக்கு வழி சொல்லுறதுக்கும் அவை இருக்கினம்.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் எண்டதைக் கிலோமீற்றரில பாக்காதேங்கோ, பின்னேரம் ஆறு மணி ட்ராபிக்கில பாருங்கோ. பாரிசவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறதெண்டா, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடவேணும், அதுக்கு முதல் ஸ்கானும் எடுக்கவேணும். அதால வாய் கோணினா, கை விழுந்தா, பேச்சுக் குழறினா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு சுவசெரிய எண்ட அரசாங்க அம்புலன்சை உடன கூப்பிடுவினமோ, இல்லாட்டி முதல்ல மேற்றனுக்குப் போன், பிறகு உங்களுக்குப் போன், நீங்கள் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கிறது எண்டு இருக்கோ? "எங்களைக் கேக்காமலே கூப்பிடுங்கோ" எண்டு எழுதிக் குடுங்கோ. சுவசெரிய காசில்லாமத்தான் வரும். கரண்டையும் பாருங்கோ, 2022 மார்ச்சில 13 மணித்தியாலம் கரண்ட் போன நாள் எங்களுக்கு மறக்காது, ஒக்சிசன் மெசினிலயோ காத்து மெத்தையிலயோ ஆள் இருந்தா ஜெனரேற்றர் இருக்கோ, அது லிஃப்டுக்கும் ஓடுமோ எண்டு கேளுங்கோ. லிஃப்டுக்குள்ள ஸ்ட்ரெச்சர் நீட்டா நுழையுமோ எண்டும் பாருங்கோ.

பதிவு இருக்கோ எண்டு கட்டாயம் கேளுங்கோ. 2000ம் ஆண்டின் 9ம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில, ஆக்களைத் தங்க வச்சுப் பராமரிக்கிற இடங்கள் பதியவேணும் எண்டு இருக்கு. மருத்துவ சிகிச்சை குடுக்கிற நேர்சிங் ஹோம் எண்டா 2006ம் ஆண்டின் 21ம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிலயும் பதிவு வேணும். பத்திரத்தைப் பாத்து எந்த வருசம் எண்டு பாருங்கோ, காட்டத் தயங்கினா அந்த இடம் வேண்டாம். இதோட அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தா பிரதேச செயலகத்தில முதியோர் அடையாள அட்டையையும் எடுங்கோ, வெள்ளவத்தை பம்பலப்பிட்டி ஆக்களுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்.

அடுத்தது பாங்கும் கையெழுத்தும். அற்றோர்னிப் பத்திரம் (அம்மாவுக்காகக் கையெழுத்து வைக்க இன்னொரு ஆளுக்கு அதிகாரம் குடுக்கிற பத்திரம்) எழுதிறதெண்டா அம்மாவுக்கு நல்ல நினைவு இருக்கேக்க எழுதவேணும், நினைவு போனாப் பிறகு அந்தப் பத்திரத்தை வச்சு எதுவும் செய்யிறது சட்டப்படி சிக்கல், மாவட்ட நீதிமன்றம் வரைக்கும் போகவேண்டி வரும். இதை ஒரு சட்டத்தரணியோட நேர இருந்து கதைச்சு முடியுங்கோ, தள்ளிப் போடாதேங்கோ.

காசைப் பாக்கேக்க மாசத் தொகையை மட்டும் பாத்து இடத்துக்கு இடம் ஒப்பிடாதேங்கோ. பம்பர்ஸ், மருந்து, டொக்டர் வந்து பாக்கிற காசு, பிசியோ, உடுப்புத் தோய்க்கிறது, ஆஸ்பத்திரியில படுத்தாக் கூட நிக்கிற ஆளுக்குக் காசு, எது உள்ள எது வெளிய எண்டு வரிவரியாக் கேட்டு எழுதுங்கோ. முற்பணம் திரும்பி வருமோ, எத்தினை மாசத்துக்குள்ள, எதைக் கழிப்பினம்? ஆஸ்பத்திரியில இருக்கிற நாளுக்கும் ரூம் காசு முழுக்கக் கட்டவேணுமோ? வருசம் எவ்வளவு கூட்டுவினம்? பிறகு, அம்மாவின்ர இப்போதைய படிக்கு மட்டுமில்லை, அடுத்த படிக்கான தொகையையும் போட்டு ஒரு அஞ்சு வருசத்துக்குக் கணக்குப் பாருங்கோ, அதைக் கட்ட ஏலாதெண்டா கொஞ்சம் சாதாரணமான இடத்தை இப்பவே எடுக்கிறது நல்லம், இடைநடுவில மாத்துறது வயசான ஆளை உலுப்பிப்போடும். வெளிநாட்டுச் சகோதரங்கள் ஆர் எவ்வளவு போடினம் எண்டதையும், அவசரத்தில முடிவெடுக்கிற ஒரு ஆள் ஆர் எண்டதையும் முதலே முடிவெடுங்கோ, ராவில ஹோமில இருந்து போன் வரேக்க நாலு நாட்டு வட்ஸ்அப் குரூப்பில வாக்கெடுப்பு நடத்த ஏலாது.

காசு இல்லாதவைக்கு வழியே இல்லை எண்டு நினைக்காதேங்கோ. மருதானையில லிட்டில் சிஸ்டர்ஸ் ஒஃப் த புவர் கன்னியாஸ்திரிகள் வசதியில்லாத முதியவர்களை வச்சுப் பராமரிக்கினம். முதியோருக்கு உதவுற தொண்டு நிறுவனமான ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்காவும் 1986ல இருந்து வேலை செய்யுது. வீட்டிலேயே வச்சுப் பாக்க ஏலும், உதவிக்கு ஒரு ஆள் இருந்தாக் காணும் எண்டா ஏஜென்சி அற்றெண்டனை எடுக்கலாம், ஆறு விசயத்தில ஒண்டு ரெண்டுதான் பிரச்சினை எண்டா எனக்கு அதுதான் முதல் விருப்பம், ஆனா ராவில ரெண்டு மூண்டு தரம் தூக்கவேண்டிய ஆளை ஒரே அற்றெண்டனால நெடுக வச்சுப் பாக்க ஏலாது, அந்தப் பிள்ளையும் மனுசர்தானே.

இவ்வளவும் செய்யேக்க அம்மாவை விட்டிட்டு முடிவெடுக்காதேங்கோ. "சும்மா செக்கப்புக்குப் போறம்" எண்டு பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் விடுறது பெரிய அநியாயம், அதுக்குப் பிறகு அவ உங்களை நம்பவே மாட்டா. ரெண்டு இடத்தைக் காட்டி எது பிடிக்குது எண்டு கேளுங்கோ, முதல்ல ரெண்டு கிழமை தங்கிப் பாக்க விடுங்கோ. ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிக்கிறவைக்கு நான் சொல்லுறது, ராவில அம்மா பாத்ரூமில விழுந்து கிடந்தா ஊர் வந்து தூக்காது.

சேத்த அண்டைக்கு ரெண்டு விசயம் செய்யுங்கோ. எந்த டொக்டர் ஒழுங்காப் பாக்கிறவர், ஹோமிலயே உயிர் போனா அவர் வந்து மரணக் காரணம் எழுதிக் குடுப்பாரோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டித் திடீர் மரண விசாரணை எண்டு இழுபடும், கேக்க மனம் வராது, ஆனா கேட்டு வையுங்கோ. மற்றது நிறையைப் பாத்து எழுதுங்கோ. பிறகு மாசாமாசம் அதே தராசில பாக்கச் சொல்லுங்கோ. ஒரு மாசத்தில 5 வீதம் குறைஞ்சா, 50 கிலோ அம்மா இரண்டரைக் கிலோ குறைஞ்சா, டொக்டரைக் கேக்கவேண்டிய நேரம், சாப்பாடு குடுக்கினமில்லையோ, பல் நோகுதோ, மனம் விட்டிட்டாவோ எண்டு பாக்கவேணும். வீடியோ கோலில முகத்தை மட்டும் பாக்காம, கொழும்பில இருக்கிற ஆளைக் கிழமைக்கு ஒருக்கா நேரம் மாத்தி மாத்திப் போகச் சொல்லி, குதிக்காலையும் முதுகையும் பாக்கச் சொல்லுங்கோ. பிழை கண்டா முதல்ல மேற்றனோட மரியாதையாக் கதையுங்கோ, எழுதியும் குடுங்கோ, கேக்காட்டி பத்தரமுல்லையில இருக்கிற முதியோருக்கான தேசிய செயலகத்துக்கு முறைப்பாடு குடுக்கலாம்.